அண்ணி வாங்கிய டெலஸ்கோப்

ஜனவரி 4

அடி வாலு,

உன் அண்ணன் தீர்ப்புச் சொல்லிவிட்டார். போன வாரம் நீயும் நானும் போனில் கத்திக்கொண்டதை அடுத்த அறையிலிருந்து ஒரு வார்த்தை விடாமல் கேட்டிருக்கிறார். “இனிமே டெலஸ்கோப் பேச்செல்லாம் லெட்டர்லதான். நாத்தனாரும் அண்ணியும் எழுதியே அடிச்சுக்குங்க. என் காதுக்கு லீவு வேணும்” என்கிறார். அதுவும் சரிதான். உன் சர்வே முகாமில் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி நின்றால்தான் சிக்னல் வருகிறது. நம் சண்டையில் பாதி “ஹலோ, கேக்குதா?” என்பதிலேயே போய்விடுகிறது. உங்கள் மளிகை வண்டி வாரம் இரண்டு தடவை தபாலும் எடுத்து வரும் என்றாயே, அதை நம்பி எழுதுகிறேன்.

நான் ஒரு டெலஸ்கோப் வாங்கியே தீருவேன். ஏன் இந்தத் திடீர்ப் பைத்தியம் என்று கேட்டாய். போனில் சொல்ல வரவில்லை, இங்கே சொல்கிறேன். என் பார்லர் இந்தக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருக்கிறது. ஜன்னல் கிடையாது, நான்கு சுவரிலும் கண்ணாடி. நாள் முழுக்க யாருடைய புருவத்தையோ திருத்திக்கொண்டு, நிமிர்ந்தால் என் மூஞ்சியையே பார்க்கிறேன். என் மூஞ்சி எனக்கே அலுத்துவிட்டது, போயேன். அன்றைக்குச் சாயங்காலம் காயப்போட்ட துண்டுகளை எடுக்க மொட்டை மாடிக்குப் போனேன். பெரிய வெளிச்சப் பொட்டு ஒன்று அசையாமல் நின்றது. விமானம் என்று நினைத்துக் காத்திருந்தேன், நகரவே இல்லை. உன்னிடம் கேட்டதற்கு “வியாழன், அண்ணி” என்று சர்வசாதாரணமாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றிலிருந்து கடையை அடைத்ததும் நேரே மாடிக்குத்தான் போகிறேன். அங்கே யாரும் என்னை எதற்கும் கூப்பிடுவதில்லை. இந்த உலகத்தில் எனக்கென்று இருக்கிற ஒரே இடம் அதுதான்.

ஆகவே வாதம் வேண்டாம், எது வாங்கலாம் என்று மட்டும் சொல். கடையில் சிவப்பு நிறத்தில் ஒன்று இருக்கிறது. பெட்டியின் மேலேயே ஐந்நூறு மடங்கு பெரிதாகக் காட்டும் என்று போட்டிருக்கிறது!

உன் அண்ணி

*

ஜனவரி 11

அன்புள்ள அண்ணி,

பெட்டியின் மேல் போட்டிருப்பதை நம்பினால், உங்கள் பார்லரில் இருக்கும் கிரீமைப் பூசிய எல்லாரும் ஒரே வாரத்தில் சிவந்திருக்க வேண்டும். உங்களுக்குத் தெரியாததா?

எத்தனை மடங்கு என்பதைப் பார்க்காதீர்கள். முன்பக்க லென்ஸோ, உள்ளே அடியில் இருக்கும் கண்ணாடியோ எவ்வளவு அகலம் என்று பாருங்கள். வெளிச்சத்தை வாரிக்கொள்வது அதுதான். சின்னக் குழலில் ஐந்நூறு மடங்கு வைத்தால் வியாழன் சேற்றில் விழுந்த எலுமிச்சம்பழம் போலத் தெரியும். அதோடு முக்காலி. நான் பிழைப்பதே முக்காலியை வைத்துத்தான். கால் ஆடினால் மேலே இருக்கும் கருவி எவ்வளவு உசத்தியாக இருந்தும் பயனில்லை. கடையில் குழலை லேசாகத் தட்டிப் பாருங்கள். ஆட்டம் நிற்பதற்குள் உங்களுக்குக் கொட்டாவி வந்தால் வாங்காதீர்கள்.

போனில் சொன்னதையே திரும்பவும் சொல்கிறேன், முதலில் ஒரு பைனாகுலர் வாங்குங்கள். பத்துக்கு ஐம்பது என்று எழுதியிருக்கும். பத்து மடங்கு, ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸ். கை நடுங்கும் என்றால் ஏழுக்கு ஐம்பது. அதற்கு மேல் மடங்கு போனால் கையில் பிடித்துப் பார்க்க முடியாது. லென்ஸ் ஆரஞ்சு நிறத்தில் மினுக்கினால் கீழே வைத்துவிடுங்கள், அது வெறும் அலங்காரம். தூரத்து விளக்குக் கம்பத்தைப் பாருங்கள். ஒரே கம்பமாகத் தெரிய வேண்டும், இரண்டாகத் தெரிந்து கண் வலித்தால் வேண்டாம். இரண்டு கண்ணாலும் பார்க்கலாம், படம் தலைகீழாகத் தெரியாது, எங்கே பார்க்கிறோம் என்று தொலைந்துபோகவும் மாட்டீர்கள். வானத்தில் வழி பழகிய பிறகு டெலஸ்கோப் வாங்கலாம். அப்போதும் முக்காலி இல்லாமல், குழலே மரப்பெட்டியில் உட்கார்ந்து சுழலும் வகைதான் உங்களுக்குச் சரி.

இதையெல்லாம் நீங்கள் கேட்கப்போவதில்லை என்று எனக்குத் தெரியும். நம் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நான் சொன்ன ஒன்றையாவது கேட்டிருக்கிறீர்களா? கல்யாணப் புகைப்படத்துக்கு அந்தப் பச்சைப் புடவை வேண்டாம் என்றேன். ஆல்பத்தை எடுத்துப் பாருங்கள்.

வாலு

*

ஜனவரி 19

வாலு, வாலு, வாலு!

வாங்கிவிட்டேன். திட்டாதே. சிவப்புதான். உன் கடிதம் வந்த அன்று காலையே அதுவும் வந்து இறங்கிவிட்டது. பச்சைப் புடவை பற்றித் தனியாகப் பேசிக்கொள்வோம்.

முதல் சாயங்காலம் ஒன்றுமே தெரியவில்லை. ஒரே கறுப்பு. கொஞ்ச நேரம் கழித்து உன் அண்ணன்தான் முன்பக்க மூடியைக் கழற்றினார். அதற்கப்புறமும் வியாழனைப் பிடிக்க முடியவில்லை. குறிபார்ப்பதற்கென்று பக்கத்தில் ஒட்டியிருக்கும் சின்னக் குழல் ஓரிடத்தைக் காட்டுகிறது, பெரியது வேறிடத்தைப் பார்க்கிறது. தொட்டால் நடுங்குகிறது. விட்டால் ஓடுகிறது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அப்புறம் தானாக உள்ளே வந்து நின்றது, வாலு! ஒரு சின்ன உருண்டை. புள்ளி இல்லை, உருண்டை. இரண்டு பக்கமும் ஒரே கோட்டில் நான்கு பொட்டுகள். “நிலா! அதுக்கும் நிலா இருக்குங்க!” என்று நான் போட்ட சத்தத்தில் கீழ் வீட்டுக் குழந்தை விழித்துக்கொண்டதாம். உன் அண்ணனைக் குனியச் சொன்னேன். அவர் முக்காலியின் காலை உதைத்துவிட்டார், வியாழன் போயே போய்விட்டது. மனுஷர் என்ன சொன்னார் தெரியுமா? “சரி விடு, நாளைக்கு இருக்கும்ல?” இந்த மனிதருக்கு வாழ்க்கைப்பட்டேன் பார்.

அந்தச் சின்னக் குழலைச் சரிசெய்வது எப்படி? உடனே எழுது. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

அண்ணி

*

ஜனவரி 25

அண்ணி,

இந்தக் கடிதத்தை மூன்றாம் தடவையாக எழுதுகிறேன். முதல் இரண்டிலும் வெறும் திட்டுதான் இருந்தது.

ஆனால் அந்த நான்கு பொட்டுகளைப் பற்றிப் படித்ததும் கோபம் நிற்கவில்லை. முதல்முறை பார்த்தபோது நானும் அப்படித்தான் கத்தினேன், முகாம் சமையல்காரர் பாம்பு என்று நினைத்துக் கட்டையோடு ஓடிவந்தார். நீங்கள் பார்த்துவிட்டீர்கள் அல்லவா, போதும். சிவப்போ பச்சையோ, இருந்துவிட்டுப் போகட்டும்.

சின்னக் குழலைப் பகலில்தான் சரிசெய்ய வேண்டும். தூரத்தில் அசையாத ஒன்றைப் பெரிய குழலில் நடுவுக்குக் கொண்டுவாருங்கள். பிறகு சின்னதில் இருக்கும் திருகுகளைத் திருப்பி, அதே பொருள் அதிலும் நடுவில் வரும்படி வையுங்கள். சூரியன் பக்கம் மட்டும் தப்பித்தவறியும் திருப்பக் கூடாது, கண் போய்விடும். இதை விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முக்காலியின் நடுவில் மணல் மூட்டை ஒன்றைக் கட்டித் தொங்கவிடுங்கள், ஆட்டம் குறையும்.

பைனாகுலர் வாங்கியிருக்கலாம் என்று இனி சொல்ல மாட்டேன். (வாங்கியிருக்கலாம்.)

வாலு

*

பிப்ரவரி 2

வாலு,

உன் யோசனையைக் கேட்டேன், ஊரே சிரிக்கிறது. நான் உன் பேச்சைக் கேட்ட முதல் தடவை இதுதான், குறித்து வைத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டெலஸ்கோப்பை மாடியில் வைத்து, தூரத்தில் அசையாத ஒன்றைத் தேடினேன். எதிர் பிளாக்கில் ஒரு ஜன்னல் கம்பியில் துணிக் கிளிப் ஒன்று மாட்டியிருந்தது. நீலக் கிளிப், அழகாக நடுவில் வந்தது. நான் திருகைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், திடீரென்று கிளிப்புக்குப் பின்னால் ஒரு முகம், தலைகீழாக! அந்த வீட்டுக் கணக்கு டீச்சர். நிமிர்ந்தால், அவர் ஜன்னலில் நின்று என்னை முறைக்கிறார். நான் அசடு வழியக் கையாட்டினேன். அவர் கையாட்டவில்லை.

சாயங்காலமே குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்துவிட்டார். செயலாளர் வீட்டுக்கே வந்தார். “மாடிக்குப் பூட்டுப் போடணும்னு ரொம்ப நாளா பேச்சு இருக்கு. இப்ப இதுவும் சேர்ந்துடுச்சு” என்றார். வாலு, நான் எந்த வீட்டையும் எட்டிப் பார்க்கவில்லை, கிளிப்பைத்தான் பார்த்தேன் என்றால் யார் நம்புவார்கள்? அந்த மாடியும் போய்விட்டால் அடித்தளத்துக்கும் வீட்டுக்கும் நடுவில் லிஃப்டில் போய்வருவதுதான் என் வாழ்க்கை. வாயைக் கொடுத்துவிட்டேன். “எல்லாரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க சார், நான் காட்டுறேன். பாத்துட்டு அப்புறம் பூட்டுங்க” என்றேன். அவரும் யோசித்துவிட்டு, “பதினெட்டாம் தேதி ஞாயித்துக்கிழமை. சாயங்காலம். பாத்துட்டுக் கையைத் தூக்கச் சொல்வோம்” என்று போய்விட்டார்.

பயமாகவும் இருக்கிறது, குதிக்கவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டு பிளாக்கும் வரப்போகிறது! நாளைக்குப் பார்லருக்கு விடுமுறை. டெலஸ்கோப்பை அக்குவேறு ஆணிவேறாகச் சுத்தம் செய்யப் போகிறேன். டார்ச் அடித்துப் பார்த்தேன், அடியில் இருக்கும் பெரிய கண்ணாடியில் ஒரே தூசி. கண்ணாடி துடைப்பதில் என்னை மிஞ்ச ஆள் உண்டா?

அண்ணி

*

பிப்ரவரி 5

அண்ணி,

கண்ணாடியைத் தொடாதீர்கள்!

வண்டிக்காரரை நிறுத்திவைத்துவிட்டு எழுதுகிறேன். வீட்டுக் கண்ணாடிக்குப் பின்னால்தான் பூச்சு இருக்கும், நாம் துடைப்பது வெறும் கண்ணாடியை. டெலஸ்கோப்பில் பூச்சு முன்பக்கம் இருக்கிறது. துணி பட்டாலே கீறும். தூசி இருந்தால் இருக்கட்டும், அதனால் ஒன்றும் குறையாது. தொட்டி மேல் ஏறி இரண்டு தடவை போன் போட்டேன், லைன் போகவில்லை. தொடாதீர்கள், தொடாதீர்கள்.

வாலு

*

பிப்ரவரி 4

வாலு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

பின்பக்கத் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை வெளியே எடுத்தேன். என்ன அழகு தெரியுமா அது! கொஞ்சம் குழிவாக, என் மூக்கைப் பூசணிக்காய் அளவுக்குக் காட்டியது. பார்லர் கண்ணாடிகளில் ஹேர் டையும் ஸ்ப்ரேயும் படிந்தால் துடைக்க ஒரு திரவம் வைத்திருக்கிறேன், எப்பேர்ப்பட்ட கறையும் போய்விடும். அதைத் தெளித்து, வழக்கம்போல ஓரத்திலிருந்து வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தேன். முதலில் பளபளத்தது. அப்புறம் துணியில் ஏதோ சாம்பல் நிறத்தில் ஒட்டியது. நிமிர்த்திப் பார்த்தால் நடுவில் பால் கொட்டின மாதிரி வெளுத்திருக்கிறது, சுற்றிலும் கீறல். திரும்ப மாட்டி, நேற்றுச் சாயங்காலம் வியாழனைப் பார்த்தேன். ஒரு வெள்ளைப் புகை. நிலாக்கள் இல்லை.

நானே துடைத்து நானே அழித்துவிட்டேன். கடைக்காரர் “திரும்பப் பூச்சுப் போடலாம், ஆனா வெளியூருக்கு அனுப்பணும், மாசக்கணக்காகும்” என்கிறார். அதுவரை மாடி இருக்குமா? டீச்சர் ஜன்னலுக்குப் புதுத் திரை தைத்துப் போட்டுவிட்டார், அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சுருக்கென்கிறது. உன் அண்ணன் ஒன்றுமே சொல்லாமல் காபி போட்டுக் கொடுத்தார், அதற்குத் திட்டியே இருக்கலாம்.

நீ பேசாமல் “நான் அப்பவே சொன்னேன்” என்று எழுதிவிடு. எனக்கு அது இப்போது தேவைதான்.

அண்ணி

*

பிப்ரவரி 8

அண்ணி,

சொல்ல மாட்டேன்.

நம் கடிதங்கள் வழியில் ஒன்றையொன்று கடந்துவிட்டன, நான் ‘தொடாதீர்கள்’ என்று எழுதியதற்கு முந்தின நாளே நீங்கள் எழுதிவிட்டீர்கள். வண்டியோடு ஒரு பொட்டலம் வருகிறது. என்னுடைய பத்துக்கு ஐம்பது. வார் பிய்ந்திருக்கிறது, கழுத்தில் மாட்டாமல் கையில் சுற்றிக்கொள்ளுங்கள். முதலில் இடது கண்ணால் மட்டும் பார்த்து நடுச் சக்கரத்தைத் திருப்புங்கள். பிறகு வலது கண்ணால் மட்டும் பார்த்து, வலது குழாயில் இருக்கும் வளையத்தைத் திருப்புங்கள். ஆளுக்கு ஆள் இது மாறும், சலிக்காமல் செய்யுங்கள். எல்லாரும் வரும் ஞாயிற்றுக்கிழமை பிறை இருக்கும், அதில் தொடங்குங்கள். அப்புறம் கார்த்திகை நட்சத்திரக் கூட்டம். இதை டெலஸ்கோப்பில் காட்ட முடியாது தெரியுமா? அது ஓரிரண்டைத்தான் பிடிக்கும், மொத்தக் கூட்டமும் பைனாகுலரில்தான் கொள்ளும். நான் உங்களைத் தேற்றுவதற்காகச் சொல்லவில்லை.

ஒன்றே ஒன்றுதான் கவலை. கழுத்தை அண்ணாந்து கையில் பிடித்துப் பார்த்தால் எல்லாம் ஆடும். புதியவர்களுக்கு ஒன்றும் தெரியாது, “அவ்வளவுதானா” என்று போய்விடுவார்கள். சாய்ந்துகொள்ள எதையாவது ஏற்பாடு செய்யுங்கள்.

எனக்கு இங்கே வெறும் கண்ணே போதும். இப்போதைக்கு.

வாலு

*

பிப்ரவரி 19

என் தங்க வாலு,

நேற்று நடந்ததை ஒரே மூச்சில் எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

கூட்டம் வந்தது. செயலாளர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு பரீட்சை மேற்பார்வையாளர் மாதிரி நின்றார். டீச்சர் ஓரமாக, என்னைப் பார்க்காமல். டெலஸ்கோப் எங்கே என்று எல்லாரும் கேட்டார்கள். “ரிப்பேர்” என்று முணுமுணுத்துவிட்டுப் பைனாகுலரை நீட்டினேன். “இவ்வளவுதானா? இதுக்கா லிஃப்ட்ல நெரிசல்ல வந்தோம்?” என்று ஒரு குரல். பிறையைப் பார்த்தவர்கள் “ஆடுது”, “எங்க இருக்கு?”, “என் மூக்குக் கண்ணாடியே தெரியுது” என்கிறார்கள். நான் சாய்வதற்கென்று வைத்திருந்த பிளாஸ்டிக் நாற்காலியில் செயலாளர் பின்னால் சாய்ந்தார், அது அவரைக் கவிழ்க்கப் பார்த்தது. இரண்டு பேர் படியிறங்கவே தொடங்கிவிட்டார்கள். சரி, முடிந்தது என்று நினைத்தேன்.

இன்னொருவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார், “பிடிச்சுக்கிச்சும்மா” என்று. நான் யோசிக்கவே இல்லை, கை தானாகப் போய் அவர் பிடரியை நீவிவிட்டது. நாள் முழுக்கச் செய்கிற வேலைதானே! அப்போதுதான் உறைத்தது. “ஏங்க! கீழ போய் ஃபேஷியல் சேரைத் தூக்கிட்டு வாங்க!” என்று கத்தினேன். உன் அண்ணன் வாழ்க்கையில் முதல்முறையாக ஏன் என்று கேட்காமல் ஓடினார்.

முழுசாகச் சாயும் நாற்காலி, தலைக்குக் குழி, கைக்குத் தாங்கல். செயலாளரைப் படுக்கவைத்தேன். முழங்கைகளைத் தாங்கலில் ஊன்றி, தலையை இரண்டு உள்ளங்கையாலும் பிடித்து, முகவாயை ஒரு விரலால் தூக்கி, கார்த்திகைக் கூட்டம் இருக்கும் பக்கம் திருப்பினேன். பழக்கதோஷத்தில், “கண்ணை மூடிக்கோங்க சார்” என்றும் சொல்லிவிட்டேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். “இருட்டு பழகணும்ல” என்று சமாளித்தேன். மனுஷர் சமர்த்தாக மூடிக்கொண்டார்! திறந்ததும் பைனாகுலரை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டார். “இது எப்பவுமே இங்க இருக்கா?” என்று கேட்டார், ஏதோ அனுமதி வாங்காமல் கட்டின கட்டடம் மாதிரி.

அப்புறம் வரிசைதான். ஒவ்வொரு தலையையும் நானே பிடித்துத் திருப்பினேன். எந்தத் தலை எப்படித் திரும்பும் என்று எனக்குத் தெரியாதா? வியாழனின் நிலாக்கள்கூடத் தெரிந்தன வாலு, கை ஊன்றியதும் ஆட்டமே இல்லை!

கடைசியில் டீச்சர். அவர் தலையை மெல்லப் பிடித்தேன். “நான் உங்க ஜன்னல்ல கிளிப்பைத்தான் பாத்தேன், டீச்சர்” என்று காதருகில் சொன்னேன். கார்த்திகைப் பக்கம் திருப்பிவிட்டேன். உதடு அசைந்தது. எண்ணுகிறார்! தப்பிப்போய் முதலிலிருந்து எண்ணுகிறார். பின்னால் நின்றவர்கள் “டீச்சர், எங்களுக்கு?” என்கிறார்கள். எழுந்திருக்கவில்லை. மூன்றாவது தடவையும் தப்பியது போல. “ஒவ்வொரு தடவை பாக்கும்போதும் புதுசா ஒண்ணு வருது” என்று குழந்தை மாதிரி சிணுங்கினார்.

செயலாளர் தொண்டையைச் செருமி, “சரி, பூட்டுப் போடலாம்ங்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றார். இரண்டு மூன்று கைகள் எழுந்தன. எல்லாரும் டீச்சரைப் பார்த்தார்கள். அவர் பைனாகுலரிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “பூட்டிட்டா நான் எங்க போய் எண்ணி முடிக்கிறது?”

தூக்கிய கைகளும் இறங்கிவிட்டன. வாலு, நான் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய்ச் சத்தமில்லாமல் அழுதேன். நீ அந்த நேரத்தில் அங்கே வெறும் கண்ணோடு உட்கார்ந்திருப்பாய் என்று நினைத்தபோது இன்னும் கொஞ்சம் அழுதேன்.

அண்ணி

*

பிப்ரவரி 26

அண்ணி,

படித்துவிட்டுக் கூடாரத்துக்குள் தனியாகக் கை தட்டினேன். சமையல்காரர் மறுபடி கட்டையோடு வந்தார், அவருக்கும் படித்துக் காட்டினேன். “உங்க அண்ணி கெட்டிக்காரி” என்கிறார். நான் மறுக்கவில்லை, எழுதியே தருகிறேன், கெட்டிக்காரிதான்.

ஃபேஷியல் சேர் எனக்குத் தோன்றவே தோன்றாது. இத்தனை வருஷமாகப் பாறையில் தலையை வைத்துப் பார்த்துக் கழுத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

பைனாகுலர் அங்கேயே இருக்கட்டும். எண்ணிக்கொண்டிருப்பவரிடமிருந்து பிடுங்குவது பாவம். இந்த மாதச் சம்பளத்தில் எனக்கு ஒன்று வாங்கிக்கொள்கிறேன், நம்பிக்கையான கடை தெரியும். உங்களுக்குத்தான் ஆசைப்பட்ட மாடி கிடைத்துவிட்டதே. கடையை அடைத்ததும் போய் நிம்மதியாக நில்லுங்கள்.

வாலு

*

மார்ச் 9

வாலு,

நிம்மதியா? நல்லா இருக்கு!

நான் கடையை அடைத்து மேலே போவதற்குள் நாற்காலியில் ஆள். அவருக்குப் பின்னால் இன்னொருவர் தலையணையோடு. கீழ் வீட்டுக் குழந்தைக்கு வியாழனைப் பார்த்தால்தான் சோறு இறங்குகிறதாம். செயலாளர் வரிசையை ஒழுங்குபடுத்துகிறேன் என்று டார்ச்சோடு வந்து எல்லார் கண்ணையும் கூசவைக்கிறார். என் பைனாகுலர், சரி, உன் பைனாகுலர், அதைப் பார்க்க நானே முறை வைத்துக் காத்திருக்கிறேன். தனியாக நிற்க ஓரிடம் வேண்டும் என்று கேட்டவள் நான். உன் அண்ணன் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறார்.

நேற்று மட்டும் வானம் முழுக்க மேகம். ஒரு நட்சத்திரமும் இல்லை, ஒருவரும் வரவில்லை. மொத்த மாடியும் எனக்கே எனக்கு. நாற்காலியில் சாய்ந்து படுத்தேன். காற்று நன்றாக இருந்தது. நான் ஆசைப்பட்டதெல்லாம் இதைத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கொஞ்ச நேரம் படுத்திருந்தேன். புரண்டு படுத்தேன். எழுந்து உட்கார்ந்தேன்.

அப்புறம் கீழே இறங்கி, எதிர் பிளாக்குக்குப் போய், டீச்சர் வீட்டு மணியை அடித்தேன். “மேகம் விலகுற மாதிரி இருக்கு டீச்சர், வர்றீங்களா?” என்றேன்.

விலகுகிற மாதிரியெல்லாம் இல்லை. அவரும் நிமிர்ந்து வானத்தைப் பார்த்தார், பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு என்னோடு வந்துவிட்டார்.

அண்ணி